இருவழி அட்டவணையில் தொடர்பு இருக்கிறதா? கை-வர்க்கச் சோதனையை மென்பொருளில் செய்யும் முறை

ஒரு கேள்விக்கான பதில்களை வரிசைகளிலும் இன்னொரு கேள்விக்கான பதில்களை நிரல்களிலும் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணி எழுதினால் அது இருவழி நிகழ்வெண் அட்டவணை. ஆய்வு மாணவர்கள் பெரும்பாலோர் முதலில் கையில் எடுக்கும் புள்ளியியல் சோதனையும் இந்த அட்டவணைக்குரியதுதான்: கை-வர்க்கச் சோதனை. வகுப்பில் 'கை ஸ்கொயர்' என்றே சொல்லிப் பழகியிருப்பீர்கள்.

மென்பொருளில் இதைச் செய்ய ஒரு நிமிடம் கூட ஆகாது. அதனாலேயே பலர் நேராகப் பி மதிப்புக்குப் (தொடர்பே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் எண்) போய், 0.05-ஐ விடக் குறைவா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அட்டவணை சொல்ல வந்த செய்தி அங்கேயே கிடக்கிறது. இந்தக் கட்டுரை பி மதிப்போடு நிற்காமல் அட்டவணையையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதியது. பட்டன் எங்கே இருக்கிறது என்பதையும் வழியில் சொல்லிவிடுகிறேன்.

பழகுவதற்கு ஓர் அட்டவணை

கற்பனை எண்களை வைத்துப் பழகுவதை விட உண்மையான தரவில் பழகுவது நல்லது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவினால் டைட்டானிக் கப்பலில் இருந்த 2201 பேரைப் பற்றிய தரவு அதனுள்ளேயே வந்துவிடும். 1912-இல் மூழ்கிய அந்தக் கப்பலில் யார் எந்த வகுப்பில் இருந்தார்கள், பிழைத்தார்களா என்பதை இப்படிச் சுருக்கலாம்:

| | இறந்தவர் | பிழைத்தவர் | மொத்தம் |
|---|---|---|---|
| முதல் வகுப்பு | 122 | 203 | 325 |
| இரண்டாம் வகுப்பு | 167 | 118 | 285 |
| மூன்றாம் வகுப்பு | 528 | 178 | 706 |
| பணியாளர் | 673 | 212 | 885 |
| மொத்தம் | 1490 | 711 | 2201 |

இதில் நாம் கேட்கும் கேள்வி: ஒருவர் எந்த வகுப்பில் இருந்தார் என்பதற்கும் அவர் பிழைத்தாரா என்பதற்கும் தொடர்பு இருக்கிறதா?

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு கட்டத்தைக் கையால் போடுங்கள்

இதைத் தாண்டிப் போக வேண்டாம். ஒரே ஒரு கட்டத்தைக் கையால் போட்டுப் பார்த்தால் சோதனை முழுவதும் புரிந்துவிடும்.

வகுப்புக்கும் பிழைத்தலுக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதைத்தான் இன்மை எடுகோள் என்கிறார்கள். மொத்தத்தில் 2201 பேருக்கு 711 பேர் பிழைத்தார்கள், அதாவது 32.3 சதவீதம். தொடர்பு இல்லையென்றால் முதல் வகுப்பிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான் பிழைத்திருக்க வேண்டும். 325-ஐ 711-ஆல் பெருக்கி 2201-ஆல் வகுத்தால் 104.99 வருகிறது. இது அந்தக் கட்டத்தின் எதிர்பார்க்கும் நிகழ்வெண். உண்மையில் பிழைத்தவர்கள் 203 பேர். வித்தியாசம் 98.01. அதை வர்க்கப்படுத்தி, எதிர்பார்க்கும் எண்ணால் வகுத்தால் 91.5.

எட்டுக் கட்டங்களுக்கும் இப்படியே போட்டுக் கூட்டினால் 190.4. கை-வர்க்க மதிப்பு இதுதான். இதில் ஏறக்குறைய பாதி, அந்த ஒற்றைக் கட்டத்திலிருந்து மட்டும் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

அடுத்து, வரையற்ற பாகைகள் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்), அதாவது நம் விருப்பப்படி நிரப்பக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை. வரிசை மொத்தமும் நிரல் மொத்தமும் தெரிந்துவிட்டால் இந்த அட்டவணையில் மூன்று கட்டங்களை நிரப்பினாலே போதும், மற்ற ஐந்தும் கழித்தால் கிடைத்துவிடும். அதனால் வரையற்ற பாகைகள் 3. சூத்திரமாகச் சொன்னால், வரிசைகளில் ஒன்று குறைத்து, நிரல்களில் ஒன்று குறைத்து, இரண்டையும் பெருக்க வேண்டும். 1900-இல் இந்தச் சோதனையைத் தந்த கார்ல் பியர்சன் இந்த இடத்தில் தவறினார். கட்டங்களின் எண்ணிக்கையில் ஒன்றை மட்டும் குறைத்துக்கொண்டார். அவர் கணக்குப்படி இங்கே 7 வந்திருக்கும். 1922-இல் ரொனால்ட் ஃபிஷர்தான் அதைத் திருத்தினார். பியர்சனே இடறிய இடம் என்பதால் உங்களுக்கு முதல் வாசிப்பில் பிடிபடவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம்.

தரவை உள்ளிடுதல்

தரவு இரண்டு வடிவங்களில் வரும். ஒருவருக்கு ஒரு வரி என்று 2201 வரிகள் இருந்தால் வேறு எதுவும் செய்யத் தேவையில்லை, அடுத்த படிக்குப் போகலாம். மேலே இருப்பது போல ஏற்கெனவே எண்ணிச் சுருக்கிய அட்டவணை என்றால், மூன்று நிரல்களில் எட்டு வரிகளாக அடியுங்கள்: முதல் நிரலில் வகுப்பு, இரண்டாவதில் பிழைத்தாரா, மூன்றாவதில் எண்ணிக்கை. முதல் வரி 'முதல் வகுப்பு, பிழைத்தார், 203' என்று இருக்கும்.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இந்த இடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும். மூன்றாவது நிரல் ஆட்களின் எண்ணிக்கை என்பதை மென்பொருளுக்குச் சொல்லியாக வேண்டும். டேட்டா மெனுவில் வெயிட் கேசஸ் என்பதைத் திறந்து, 'வெயிட் கேசஸ் பை' என்பதைத் தேர்ந்து, எண்ணிக்கை நிரலை அதற்குள் தள்ளி ஓகே கொடுங்கள். திரையின் கீழ் ஓரத்தில் 'வெயிட் ஆன்' என்று தெரிந்தால் சரி.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை அருகில் இருந்து பார்த்தேன். தெரிந்த மாணவி ஒருவர் தன் முடிவை எடுத்துக்கொண்டு வந்தார். கை-வர்க்கம் 0.000, பி மதிப்பு 1.000. "தொடர்பே இல்லைன்னு வந்திருக்கு, ஆனா அட்டவணையைப் பார்த்தா அப்படித் தெரியலையே அண்ணா" என்றார். அவர் சந்தேகப்பட்டது சரி. மென்பொருள் எட்டு வரிகளை எட்டுப் பேராக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவரை உட்கார வைத்திருந்தது. முடிவுத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது மொத்த எண்ணிக்கைதான். அங்கே 2201 இல்லாமல் 8 இருந்தால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம், திரும்பிப் போய் வெயிட் கேசஸ் கொடுங்கள்.

ஜமோவி இலவச மென்பொருள், புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான். அதில் எண்ணிக்கை நிரலைக் கவுண்ட்ஸ் என்ற பெட்டியில் போட்டால் போதும். ஜாஸ்ப் என்ற மென்பொருளிலும் அப்படியே.

இன்னொரு எச்சரிக்கை. எண்ணிக்கைக்குப் பதில் சதவீதங்களை உள்ளிடாதீர்கள். 62.5, 37.5 என்று அடித்தால் அந்த வகுப்பில் மொத்தம் 100 பேர்தான் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பி மதிப்பும் அந்தக் கற்பனை நூறு பேருக்கானதாகவே வரும்.

சோதனையை ஓட்டுதல்

எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் போக வேண்டிய வழி: அனலைஸ் > டிஸ்கிரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் > கிராஸ்டேப்ஸ். ரோ பெட்டியில் வகுப்பு, காலம் பெட்டியில் பிழைத்தாரா. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பட்டனை அழுத்தி கை-ஸ்கொயர், ஃபை அண்ட் கிராமர்ஸ் வி இரண்டையும் டிக் செய்யுங்கள். அப்புறம் செல்ஸ் பட்டன். அதில் அப்சர்வ்ட் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். கூடவே எக்ஸ்பெக்டட், ரோ சதவீதம், அட்ஜஸ்டட் ஸ்டாண்டர்டைஸ்ட் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செல்ஸ் பட்டனைத் தொடாமலே ஓகே கொடுப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அட்டவணையைப் படிக்க உதவுவதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

ஜமோவியில் அனாலிசஸ் தாவலில் ஃப்ரீக்வென்சீஸ், அதனுள் இண்டிபெண்டன்ட் சாம்பிள்ஸ். ஆர்-இல் அட்டவணையைக் கை-வர்க்கக் கட்டளைக்குக் கொடுத்தால் மூன்று எண்கள்தான் திரையில் வரும். எதிர்பார்க்கும் எண்களும் எச்சங்களும் (உண்மை எண் எதிர்பார்க்கும் எண்ணிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டுபவை) முடிவுக்குள் ஒளிந்திருக்கும், அவற்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ரோ சதவீதமா காலம் சதவீதமா என்று குழப்பம் வரும். காரணமாக இருக்கக்கூடிய பண்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சதவீதத்தைக் கேளுங்கள். இங்கே வகுப்பு வரிசையில் இருக்கிறது, ஆகவே ரோ சதவீதம். முதல் வகுப்பில் 62.5 சதவீதமும், இரண்டாம் வகுப்பில் 41.4 சதவீதமும், மூன்றாம் வகுப்பில் 25.2 சதவீதமும், பணியாளரில் 24.0 சதவீதமும் பிழைத்தார்கள். சோதனை முடிவைப் பார்க்கும் முன்பே கதையின் பெரும்பகுதி இந்த நான்கு எண்களில் வந்துவிட்டது.

முடிவைப் படித்தல்

கை-வர்க்க அட்டவணையில் பியர்சன் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள்: மதிப்பு 190.4, வரையற்ற பாகைகள் 3, பி மதிப்பு 0.001-ஐ விட மிகக் குறைவு. பழைய எஸ்.பி.எஸ்.எஸ். பதிப்புகளில் இது .000 என்று அச்சாகும். அறிக்கையில் 'பி = 0.000' என்று எழுதாதீர்கள். அது பூஜ்யம் இல்லை, மூன்று தசம இடத்துக்குள் அடங்காத சிறிய எண். '0.001-ஐ விடக் குறைவு' என்று எழுதுங்கள்.

இந்தப் பி மதிப்புக்கு என்ன பொருள்? பிழைப்பது வகுப்பைப் பொருட்படுத்தாமல் நடந்திருந்தால், இவ்வளவு பெரிய விலகலோ இதைவிடப் பெரிய விலகலோ தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு. அவ்வளவே. தொடர்பு எவ்வளவு வலுவானது என்பதை அது சொல்லாது. எல்லாக் கட்டங்களையும் இரண்டால் பெருக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். கை-வர்க்கம் 380.8 ஆகிவிடும், பி இன்னும் சிறுத்துவிடும், ஆனால் ஒரு சதவீதம் கூட மாறியிருக்காது. கூட்டம் பெரிதானால் மிக மெல்லிய தொடர்புக்கும் பி மதிப்பு சிறிதாகிவிடும்.

வலுவை அறிய கிராமர் வி. கை-வர்க்கத்தை மொத்த எண்ணிக்கையால் வகுத்து, அதை வரிசை, நிரல் எண்ணிக்கைகளில் சிறியதில் ஒன்று குறைத்து வரும் எண்ணால் மறுபடி வகுத்து, வர்க்கமூலம் எடுப்பது. நம் அட்டவணைக்கு 0.29. இரண்டால் பெருக்கினாலும் அதே 0.29-தான். பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு.

முடிவுக்கு அடியில் ஒரு சிறு குறிப்பு இருக்கும், அதைக் கட்டாயம் படியுங்கள். எத்தனை கட்டங்களில் எதிர்பார்க்கும் எண் 5-க்குக் கீழே, மிகக் குறைந்த எதிர்பார்க்கும் எண் எது என்று அது சொல்லும். நமக்கு மிகக் குறைந்தது 92.06, ஆகவே பிரச்சினை இல்லை. பொதுவான விதி, ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கட்டங்களில் எதிர்பார்க்கும் எண் 5-க்குக் கீழே இறங்கக் கூடாது, எதுவும் 1-க்குக் கீழே போகக் கூடாது என்பது. இது எதிர்பார்க்கும் எண்ணுக்கான விதி. கண்ணில் தெரியும் எண்ணிக்கை 2 அல்லது 0 ஆக இருப்பதாலேயே சோதனை கெட்டுவிடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல அட்டவணையைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விதி மீறப்பட்டால் ஃபிஷர் துல்லியச் சோதனைக்குப் போகலாம். இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் எஸ்.பி.எஸ்.எஸ். அதைக் கேட்காமலே தந்துவிடும். பெரிய அட்டவணை என்றால் ஆர்-இல் போலி அட்டவணைகளை உருவாக்கிப் பி மதிப்பைக் கணிக்கச் சொல்லலாம். நீங்கள் வேறு எண் தராவிட்டால் அது 2000 அட்டவணைகளை உருவாக்கும். வகைகளை ஒன்றாகச் சேர்ப்பது இன்னொரு வழி. ஆனால் சேர்க்கும் வகைகள் பொருளில் நெருங்கியவையாக இருக்க வேண்டும். பி மதிப்பு எதில் அழகாக வருகிறது என்று பார்த்துச் சேர்ப்பது ஏமாற்று வேலை, அதை நான் எந்தச் சூழலிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எந்தக் கட்டம் பேசுகிறது?

கை-வர்க்கம் 'எங்கோ தொடர்பு இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். எங்கே என்பதைச் சொல்வது அட்ஜஸ்டட் ஸ்டாண்டர்டைஸ்ட் என்று நாம் டிக் செய்த எச்சங்கள். தொடர்பு இல்லையென்றால் இவை பெரும்பாலும் -2-க்கும் +2-க்கும் நடுவில் இருக்கும். பிழைத்தவர் நிரலில் முதல் வகுப்புக்கு +12.6, இரண்டாம் வகுப்புக்கு +3.5, மூன்றாம் வகுப்புக்கு -4.9, பணியாளருக்கு -6.9. கூட்டல் குறி என்றால் எதிர்பார்த்ததை விட அதிகம், கழித்தல் என்றால் குறைவு. கையால் போட்டபோது பாதிக் கை-வர்க்கம் வந்த அதே கட்டம் இங்கேயும் முன்னால் நிற்கிறது, பாருங்கள். கட்டங்கள் நிறைய இருக்கும் அட்டவணையில் ஒன்றிரண்டு தற்செயலாகவே 2-ஐத் தாண்டும் என்பதால் அங்கே 3-ஐ எல்லையாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மூன்றாவது பண்பு

முடிவை எழுத உட்காரும் முன் இன்னும் ஒரு படி இருக்கிறது. எனக்கு இந்தத் தரவு பிடித்துப்போனதே இந்தப் படியால்தான்.

மூன்றாம் வகுப்பையும் பணியாளரையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிழைத்தவர் 25.2 சதவீதமும் 24.0 சதவீதமும். இரண்டு வரிசைகளுக்கு மட்டும் சோதனை ஓட்டினால் கை-வர்க்கம் 0.34, பி 0.56. வேறுபாடு இல்லை என்று எழுதிவிடத் தோன்றும்.

இப்போது பாலினத்தை எஸ்.பி.எஸ்.எஸ்.-இன் லேயர் பெட்டியில் போடுங்கள், ஜமோவியில் லேயர்ஸ். இரண்டு தனி அட்டவணைகள் வரும். ஆண்களில், மூன்றாம் வகுப்பில் 510 பேரில் 88 பேர், அதாவது 17.3 சதவீதம். பணியாளரில் 862 பேரில் 192 பேர், 22.3 சதவீதம். பெண்களில், மூன்றாம் வகுப்பில் 196 பேரில் 90 பேர், 45.9 சதவீதம். பணியாளரில் 23 பேரில் 20 பேர், 87.0 சதவீதம். ஆண்களிலும் பணியாளர்தான் அதிகம் பிழைத்தார்கள், பெண்களிலும் பணியாளர்தான். சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் மூன்றாம் வகுப்பு ஒரு சதவீதம் முன்னால் போய்விடுகிறது.

இதில் கணக்கு மந்திரம் எதுவும் இல்லை. பெண்களே அதிகம் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் பெண்கள் 196 பேர், பணியாளரில் 23 பேர் மட்டும். அந்தப் பெண்களின் எண்ணிக்கைதான் மூன்றாம் வகுப்பின் மொத்தச் சதவீதத்தை மேலே தூக்கியது. இப்படித் தலைகீழாவதைச் சிம்ப்சன் முரண் என்பார்கள். தொடர்பு இருக்கிறது என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும், இரண்டு பண்புகளையும் தொடும் மூன்றாவது பண்பு ஏதாவது உண்டா என்று யோசித்து, தரவில் அது இருந்தால் லேயரில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

எண்கள் ஒத்துப்போகாதபோது

மேலே ஆண்களுக்கான அட்டவணையை எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் ஓட்டினால் பியர்சன் வரியில் 4.97, பி 0.026. அதையே ஆர்-இல் ஓட்டினால் 4.66, பி 0.031. எதுவும் தவறில்லை. இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் ஆர் தானாகவே யேட்ஸ் திருத்தத்தைச் சேர்த்துவிடும். ஃபிராங்க் யேட்ஸ் 1934-இல் தந்த இந்தத் திருத்தம் ஒவ்வொரு வித்தியாசத்திலிருந்தும் அரையைக் கழித்துவிட்டு வர்க்கப்படுத்துகிறது. எஸ்.பி.எஸ்.எஸ். அதைக் கன்டினுயிட்டி கரெக்ஷன் என்று அடுத்த வரியில் தனியாகத் தரும். எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதை அறிக்கையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்.

லீனியர்-பை-லீனியர் என்ற வரியும் எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் வரும். இரண்டு பண்புகளிலும் வகைகளுக்கு இயல்பான ஏற்ற இறக்க வரிசை இருந்தால்தான் அதற்குப் பொருள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இந்தச் சோதனை பொருந்தாத இடங்கள்

ஒருவர் ஒரு கட்டத்தில் மட்டுமே வர வேண்டும். 'பொருந்துவன அனைத்தையும் குறியிடுக' என்ற வகைக் கேள்வியில் ஒரே ஆள் மூன்று கட்டங்களில் எண்ணப்படுவார். அங்கே கை-வர்க்கம் செல்லாது. அதே ஆட்களிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே ஆம்-இல்லை கேள்வியைக் கேட்டிருந்தால் மெக்நெமர் சோதனை செய்ய வேண்டும். கிராஸ்டேப்ஸின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பட்டனுக்குள்ளேயே அது இருக்கிறது. ஆட்கள் ஒருவரை ஒருவர் சாராதவர்களாகவும் இருக்க வேண்டும். நம் டைட்டானிக் தரவிலேயே குடும்பமாகப் பயணித்தவர்கள் உண்டு, ஒருவர் பிழைத்தது இன்னொருவரோடு பின்னியது. 190.4 போன்ற பெரிய மதிப்பை அது அசைக்காது. ஆனால் பி 0.03, 0.04 என்று எல்லையில் நிற்கும் உங்கள் அட்டவணையை அசைத்துவிடலாம்.

எழுதுவது எப்படி

அறிக்கையில் சதவீதத்தை முதலில் வையுங்கள், சோதனை எண்கள் பின்னால் வரட்டும். எடுத்துக்காட்டாக: "முதல் வகுப்பில் 62.5 சதவீதத்தினரும் இரண்டாம் வகுப்பில் 41.4 சதவீதத்தினரும் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பிலும் பணியாளரிலும் இது முறையே 25.2, 24.0 சதவீதம். வகுப்புக்கும் பிழைத்தலுக்கும் தொடர்பு உள்ளது (கை-வர்க்கம் = 190.4, வரையற்ற பாகைகள் 3, மொத்தம் 2201, பி < 0.001, கிராமர் வி = 0.29). எதிர்பார்த்ததிலிருந்து மிக அதிகம் விலகியது முதல் வகுப்பு. மூன்றாம் வகுப்பையும் பணியாளரையும் பாலின வாரியாகப் பிரித்துப் பார்த்தால், இரு பாலாரிலும் பணியாளரே அதிகம் பிழைத்தனர்." பிழைத்தலுக்கு வகுப்பே காரணம் என்று எழுதாமல் 'தொடர்பு உள்ளது' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். காரணத்தைச் சொல்ல இந்தச் சோதனைக்கு உரிமை இல்லை.

கடைசியாக, எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் ஓகே கொடுப்பதற்குப் பதில் பேஸ்ட் பட்டனை அழுத்துங்கள். நீங்கள் டிக் செய்தவை எல்லாம் கட்டளை வரிகளாக ஒரு கோப்பில் விழும். அந்த வரிகளைத் தேர்ந்து ரன் கொடுத்தால் அதே முடிவு வரும். வெயிட் கேசஸ் கட்டளையும் அதே கோப்பில் மேலே இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து வழிகாட்டி "இந்த 190.4 எப்படி வந்தது?" என்று கேட்டால், கோப்பைத் திறந்து அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டலாம்.